அடிக்கல்லுக்கு முன் ஒரு தீர்மானம்: பினாங்கின் கட்டடக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பினாங்கு மாநிலத் தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், ஆலயத் திருப்பணிக் குழுக்கள்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

இம்மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளை எடுத்துக்கொண்டாலும், தீவிலும் பெருநிலத்திலும் உள்ள ஆலயங்களை எடுத்துக்கொண்டாலும், இணைக்கட்டடம், பாலர் பள்ளி, மண்டபம், திருப்பணி என்று ஏதேனும் ஒரு வேலை எங்காவது நடந்துகொண்டோ தொடங்கக் காத்துக்கொண்டோ இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டடக் குழு அமைகிறது. அந்தக் குழுவை அமைக்கும் விதத்தைப் பற்றியே இம்மடல். எவருடைய நேர்மையையும் நான் கேள்விக்குள்ளாக்கவில்லை. முதலில் கட்டுமானத் துறையிலும் பின்னர் பாயான் லெப்பாஸ் மின்னியல் ஆலைகளிலும் திட்டப் பணிகளைக் கவனித்து வந்த எனக்கு, கைச்சுத்தமான மனிதர்கள் நிறைந்த குழுக்களின் வேலையும் பாதியில் நின்றுபோவதைக் காணும் வாய்ப்பு பலமுறை கிடைத்திருக்கிறது.

நம் குழுக்களின் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். புரவலர், கௌரவ ஆலோசகர்கள், தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், பொருளாளர், செயலவையினர் என்று அழைப்பிதழின் பின்பக்கம் நிறைந்துவிடுகிறது. ஆனால் குத்தகையாளர் கூடுதல் வேலைக்கு ஒப்புதல் கேட்டால் எவருடைய சொல் இறுதியானது, அவர் அனுப்பும் பட்டியலில் உள்ள வேலை உண்மையிலேயே நடந்திருக்கிறது என்று எவர் கையெழுத்திடுவது, தடம் மாறிப்போகும் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை எவருக்கு உண்டு என்பவை எந்தக் கூட்டக் குறிப்பிலும் இருப்பதில்லை. இந்த மூன்று அதிகாரங்களும் ஒரே கையில் சேர்ந்தாலும் கேடு, எவர் கையிலும் இல்லாமல் கிடந்தாலும் கேடு என்பதை ஒவ்வொரு தொழில்துறையும் தத்தம் இழப்புகளிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறது.

முதலில் நம் வேலைக்கு மிக நெருங்கிய கட்டுமானத் துறை. மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தப் படிவத்தைப் பயன்படுத்தும் பணியில், பணம் தருபவர் உரிமையாளர், கட்டுபவர் குத்தகையாளர். செய்து முடிக்கப்பட்ட வேலையின் மதிப்புக்குச் சான்றளிப்பவர் இருவரிலும் சேராத கட்டடக் கலைஞர். அரசாங்கப் பணிகளுக்கான பொதுப்பணித் துறைப் படிவத்திலும் மேற்பார்வை அதிகாரி என்ற பெயரில் சான்றளிக்கும் ஒருவர் இருக்கிறார். கட்டடக் கலைஞர் சான்றளித்த தொகையிலும் ஒரு பங்கு பிடித்து வைக்கப்படும். வழக்கமாக ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு வரை சேரும் அப்பிடிப்புத் தொகையில் ஒரு பாதி வேலை முடிந்ததும், மறுபாதி குறைகள் சரிசெய்யப்பட்ட பிறகும் விடுவிக்கப்படும். நம் குழுக்களில் நடப்பது வேறு. குத்தகையாளர் ஒரு மாலையில் பொருளாளரைத் தேநீர்க் கடையில் சந்தித்துச் 'சாமான் இறக்கப் பணம் வேண்டும்' என்கிறார், மறுநாள் காசோலை எழுதப்படுகிறது, கட்டடக் கலைஞருக்கு அச்செய்தி அடுத்த மாதம் எட்டுகிறது. நம்மவர்தானே என்ற நம்பிக்கையில் செய்யப்படும் இக்காரியத்தால், பிற்பாடு கூரை ஒழுகும்போது பிடித்து வைத்த பணம் என்று எதுவும் குழுவின் கையில் இராது.

சட்டமும் இதற்குள் நுழைந்துவிட்டதைப் பலர் அறியவில்லை. கட்டுமானத் துறையில் பணம் கொடுப்பது குறித்தும் அதன் தகராறுகளை நடுவரிடம் கொண்டுசெல்வது குறித்தும் 2012-இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் 2014 ஏப்ரல் 15-இல் அமலுக்கு வந்தது. பணம் கிடைக்காத குத்தகையாளர் நீதிமன்றப் படியேறாமலேயே விரைவான நடுவர் தீர்ப்பைப் பெற அது வழி செய்கிறது. அதைவிட முக்கியமாக, நம் கையில் நிதி வந்தால்தான் தருவோம் என்ற நிபந்தனையோடு எழுதப்படும் ஒப்பந்த விதியை அச்சட்டத்தின் 35-ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. 'அமைச்சின் மானியம் வந்ததும் கொடுத்துவிடுகிறோம்' என்பது நம் குழுக்கள் பெரிதும் நம்பியிருக்கும் வாக்கியம். எழுத்து வடிவில் உள்ள கட்டுமான ஒப்பந்தத்தில் அது குழுவைக் காப்பாற்றாது. அறிவிக்கப்பட்ட மானியத்துக்கும் வங்கிக் கணக்கில் விழுந்த மானியத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2007 முதல், கட்டடம் குடிபுகத் தகுதியானது என்ற சான்றிதழை, முன்புபோல் ஊராட்சி மன்றம் வழங்காமல், வரைபடங்களைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞரோ பொறியாளரோ தம் பொறுப்பில் கையெழுத்திட்டு வழங்குகிறார். கும்பாபிஷேக நாள் குறித்தாகிவிட்டது, எப்படியாவது கையெழுத்திட்டுத் தாருங்கள் என்று அவரை நெருக்குபவர்கள், அவருடைய தொழில் உரிமத்தைப் பணயம் வைக்கச் சொல்கிறார்கள் என்பதை உணர வேண்டும்.

பெரிய நாடுகளின் பெரிய குழுக்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. பெர்லின் நகரின் புதிய விமான நிலையப் பணி 2006-இல் தொடங்கியது. பெர்லின், பிராண்டன்பர்க் மாநிலங்களும் கூட்டரசும் உரிமையாளர்களாக இருந்த நிறுவனத்தின் கண்காணிப்புக் குழுவுக்குப் பெர்லின் மேயரே தலைவர். அரசியல் பிரமுகர்கள் பலர் அதில் இருந்தனர். முழு வேலையையும் ஒரே பெரிய குத்தகையாளரிடம் ஒப்படைக்கும் ஏலம், கேட்கப்பட்ட விலை அதிகம் என்று கைவிடப்பட்டு, வேலை சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. கட்டிக்கொண்டிருக்கும்போதே முனையத்தின் வடிவம் மாற்றப்பட்டது. 2012 ஜூன் 3-இல் திறக்கவிருந்த நிலையத்தின் திறப்பு, தீயணைப்பு மற்றும் புகை வெளியேற்ற அமைப்பு தயாராகாததால், நான்கு வாரங்கூட இல்லாத நிலையில் நிறுத்தப்பட்டது. பிறகு அது திறக்கப்பட்டது 2020 அக்டோபர் 31-இல். பொறியாளர்களுக்குப் பெயர்போன நாட்டில் இது நடந்தது. வேலையின் நிலை கீழிருந்து மேலே போகப்போக நல்ல செய்தியாக மாறிக்கொண்டே போவதும், மேலே உள்ள பிரமுகர்கள் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கும் பயிற்சி இல்லாதவர்களாக இருப்பதும் எங்கும் சேர்ந்தே வருகின்றன. நம் குழுக்களில் டத்தோக்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் புரவலர்களாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. அவர்களால் கதவுகள் திறக்கின்றன. ஆனால் வாரந்தோறும் வேலையிடத்துக்கு வர இயலாதவரிடம் இறுதி முடிவை வைப்பது வேறு.

சிட்னி ஓபரா மாளிகையின் கதையும் நம் அடிக்கல் விழாக்களுக்குப் பொருந்தும். கூரையை எப்படிக் கட்டுவது என்ற கணக்கு முடியாத நிலையில், ஆதரவும் நிதியும் கைநழுவிவிடும் என்ற அச்சத்தில் அரசு அவசரப்படுத்தியதால் 1959 மார்ச்சில் வேலை தொடங்கிவிட்டது. அடித்தளத் தூண்கள் பின்னர் உறுதியான கூரையின் எடையைத் தாங்காமல் மறுபடி கட்டப்பட்டன. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிடப்பட்ட வேலை, 10 கோடியே 20 லட்சத்தில், 1973-இல் முடிந்தது. உலகமே கொண்டாடும் கட்டடம் என்பதால் அந்தச் செலவு மன்னிக்கப்பட்டது. தேர்தலுக்கு முன் நாட்டப்பட்ட கல் மட்டும் புல்லுக்குள் நிற்கும் இடங்களுக்கு அந்த மன்னிப்புக் கிடைக்காது.

இதற்கான மாற்று நம் வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. 1970-களில் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இன்று வேலை செய்யும் நம் பிள்ளைகளைக் கேட்டால் 'கேட் ரிவியூ' என்றால் என்னவென்று சொல்வார்கள். புதிய தயாரிப்பு ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு வாயிலில் நிற்க வேண்டும். முன்கூட்டியே எழுதி வைத்த நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால் மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் பணம் விடப்படும். தொடர்க, திருத்தி வருக, கைவிடுக ஆகிய மூன்று விடைகளுக்கும் அங்கே இடமுண்டு. எண்ணெய் எரிவாயுத் துறையில் இது இன்னும் கடுமையானது. இறுதி முதலீட்டு முடிவு என்ற ஒரு நாள் வரும்வரை பெரிய செலவு எதுவும் தொடங்காது, அந்த நாளுக்குப் பிறகு வடிவத்தை மாற்றுவது எளிதில் அனுமதிக்கப்படாது. நம் பணிகளில் வாயில் என்பதே இல்லை. அடிக்கல், அதன் பிறகு நிதி திரட்டும் விருந்து நிகழ்ச்சிகள், அதன் பிறகு கடன்.

நார்வே அரசு 2000-ஆம் ஆண்டு முதல் பெருந்திட்டங்களை நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ளும் முன் வெளியாரின் தரச் சோதனைக்கு உட்படுத்துகிறது. அதில் என்னைக் கவர்ந்தது எதிர்பாராச் செலவுக்கான இருப்பை அவர்கள் வைக்கும் இடம். நாடாளுமன்றம் ஒரு மேல்வரம்பை ஒப்புக்கொள்கிறது. கட்டும் நிறுவனத்துக்கு அதற்குக் குறைவான தொகையே இலக்காகத் தரப்படுகிறது. இடையிலுள்ள இருப்பு பொதுவாக அமைச்சின் பிடியில் இருக்கும், காரணம் சொல்லிக் கேட்டுப் பெற வேண்டும். நாமோ எல்லாத் தொகையையும் கட்டடக் குழுவின் கணக்கிலேயே போட்டுவிட்டு, கிரானைட்டின் தரத்தை நடுவழியில் உயர்த்திவிட்டு, மின்னிணைப்புக்குப் பணமில்லாமல் நிற்கிறோம்.

நிறுத்தும் உரிமைக்கு மருந்துத் துறையைப் பார்க்கலாம். பெரிய மருந்துச் சோதனைகளில், மருந்து நிறுவனத்தையும் சோதனை நடத்தும் மருத்துவர்களையும் சாராத ஒரு கண்காணிப்புக் குழு இடைக்காலத் தரவுகளைப் பார்க்கிறது; தீங்கு தெரிந்தால் சோதனையை நிறுத்தப் பரிந்துரைக்கிறது. மருந்து நிறுவனம் இன்னும் பார்க்காத தரவை அக்குழுவினர் பார்ப்பதுதான் அதன் வலிமை.

கணினித் துறையில் பரவலாகப் பயன்படும் பிரின்ஸ்2 முறை, திட்ட வாரியத்தில் பொறுப்பாளர், பயனாளரின் பிரதிநிதி, வழங்குநரின் பிரதிநிதி என்று மூன்று இடங்களை வைத்து, பொறுப்பாளரின் சொல்லே இறுதி என்கிறது. பயனாளருக்கு ஓர் இடம் என்பதை நாம் உடனே எடுத்துக்கொள்ளலாம். வகுப்பறையில் பாடம் நடத்தப்போகும் ஆசிரியரையும் கருவறையில் நிற்கப்போகும் குருக்களையும் கேட்காமல் நாம் வரைபடம் போடுவது வழக்கம். வழங்குநருக்கும் இடம் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குத்தகையாளரின் மைத்துனர் செயலவையில் இருக்கும் ஊரில் அது ஆகாது.

மேடைதோறும் நாம் உத்திரமேரூர்க் குடவோலையைப் புகழ்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், பொ.ஆ. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகளில் மேடைக்கு வராத ஒரு விதி இருக்கிறது: வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர். நம் சங்கங்கள் 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி ஆண்டுதோறும் கணக்கைப் பதிவிலாகாவுக்கு அனுப்பத்தான் செய்கின்றன; ஆனால் அது ஓராண்டின் வரவு செலவு. பல ஆண்டுகள் நீளும் ஒரு கட்டடப் பணியின் மொத்தச் செலவு, ஆண்டுக் கணக்குகளுக்குள் சிதறிப்போய், எந்த ஒரு பக்கத்திலும் முழுதாகத் தெரிவதில்லை.

ஆகவே, அடிக்கல் நாள் குறிக்கும் முன் உங்கள் பொதுக்கூட்டம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய கட்டடக் குழு நிதி திரட்டட்டும், விழா நடத்தட்டும். வேலை குறித்த முடிவுகளை, பெயர் குறிப்பிடப்பட்ட ஒரே பொறுப்பாளரைத் தலைவராகக் கொண்டு, பயன்படுத்தப்போகிறவர்களின் பிரதிநிதியும் துறை அறிந்த ஒருவரும் சேர்ந்த சிறு குழு எடுக்கட்டும். கட்டடக் கலைஞரின் சான்று இல்லாமல் ஒரு ரிங்கிட்டும் குத்தகையாளருக்குப் போகக்கூடாது. முழு வரைபடமும், வங்கியில் வந்து சேர்ந்த பணத்துக்குள் முடியும் முதற்கட்டமும் இல்லாமல் கல் நாட்டக்கூடாது. எதிர்பாராச் செலவுக்கான இருப்பு மேலாளர் வாரியத்திடமோ ஆலய நிர்வாகத்திடமோ தனிக் கணக்கில் இருக்கட்டும். இக்குழுக்கள் எதிலும் சேராத, குத்தகையாளருக்கு உறவில்லாத பொறியாளரோ கணக்காய்வாளரோ ஒருவர், தொடக்கம் முதல் அன்றுவரையிலான மொத்தச் செலவையும் வேலையின் நிலையையும் நேரடியாகப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கட்டும். வேலையை நிறுத்திவைக்கச் சொல்லும் உரிமை அவருக்கு எழுத்தில் இருக்கட்டும். ஓய்வுபெற்ற நம் பொறியாளர்களும் அளவை மதிப்பீட்டாளர்களும் இத்தீவில் கணிசமாக இருக்கிறார்கள். நன்கொடை கேட்டு அவர்களிடம் போகிறோம், இதற்காகவும் போகலாம்.

சிறிய கழிப்பறைக் கட்டடத்துக்கு இவ்வளவும் தேவைப்படாது. அங்கே சான்றும் தனிக் கணக்கும் போதும்.

இத்தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலின் கடைசியில் வரும் 'இதர விவகாரங்கள்' என்பதற்குள் தள்ளாமல், செயலவைத் தேர்தலுக்கு முன்பே தனி அங்கமாகச் சேர்க்குமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வாசகத்தை எழுதித் தரவும், உங்கள் கூட்டத்துக்கு நேரில் வந்து கேள்விகளுக்கு விடையளிக்கவும் நானும் என்னோடு பணிபுரிந்த நண்பர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இக்கண்,
பாயான் லெப்பாஸில் பணிபுரியும் திட்ட மேலாளர் ஒருவர்,
பினாங்கு