ஸ்டாம்ப் அடிச்சுக் குடுத்த அந்தம்மாவுக்கும், கூட நின்ன உங்க எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை ஆர்ட் மீட்டிங் (ARD, பிள்ளைக்கு என்ன ஸ்பெஷல் எஜுகேஷன் உதவின்னு ஸ்கூலும் பேரண்ட்ஸும் உக்காந்து முடிவு பண்றது) முடிஞ்சு வீட்டுக்கு வந்ததுல இருந்து எழுதணும் எழுதணும்னு நினைக்கிறேன், போனை எடுத்தா கை ஓட மாட்டேங்குது, அழுகை தான் முட்டிக்கிட்டு வருது, ஆனா இது வேற அழுகை. பேச்சுக்கும் படிப்புக்கும் ஸ்கூல்ல உதவி வேணும்னு நாங்க கேட்டது பையனுக்குக் கிடைச்சிருச்சு. அவன் இப்ப படிக்கிற அதே ஸ்கூல்ல, மத்த பசங்களோட அதே செகண்ட் கிரேடு கிளாஸ்லயே இருப்பான், ஸ்பீச் தெரபிஸ்ட் அவன்கூட நேர்ல உக்காந்து சொல்லித் தருவாங்க (டீச்சர்கிட்ட ஐடியா சொல்லிட்டுப் போறதோட நிக்காது), ரீடிங்குக்கும் மேத்ஸுக்கும் பக்கத்துல உதவிக்கு ஒரு எய்ட் இருப்பாங்க, இத்தனை நாள் இழுத்ததுக்கு ஈடா கோடை லீவுல தனியா ஸ்பீச் செஷனும் தர்றதா ஐஇபிலயே (IEP, பையனுக்குன்னு ஸ்கூல் எழுதித் தர்ற தனி படிப்புத் திட்டம்) எழுதிட்டாங்க.

என்ன நடந்துச்சுன்னு இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு நல்லாவே தெரியும். தெரியாதவங்க மன்னிச்சுக்கோங்க, மறுபடியும் முதல்ல இருந்து சொல்ல எனக்கு இப்ப தெம்பு இல்ல. இது நன்றி சொல்றதுக்காக மட்டும் எழுதுறது.

முதல் நன்றி ஸ்கூல் முன்பக்க ஆபீஸ்ல உக்காந்திருக்கிற ஒரு அம்மாவுக்கு. அவங்க பேர் போட மாட்டேன், ஸ்கூல் பேரும் டிஸ்ட்ரிக்ட் (இந்த ஏரியா ஸ்கூல்களை நடத்துற நிர்வாகம்) பேரும் போட மாட்டேன், என்னால அவங்க வேலைக்கு ஒரு சின்ன சங்கடம்கூட வந்துறக்கூடாது. டல்லாஸ் பக்கம்னு மட்டும் வச்சுக்கோங்க.

அன்னிக்கு அக்டோபர் மாசம், காலைல பையனை உள்ள விட்டுட்டு கைல ஒரு லெட்டரோட ஆபீஸுக்குப் போனேன். ராத்திரி இவரும் நானும் உக்காந்து டைப் பண்ணி பிரிண்ட் எடுத்தது, பெருசா ஒண்ணும் இல்ல, எங்க பையனை ஸ்பெஷல் எஜுகேஷன் உதவி தேவையான்னு முழுசா டெஸ்ட் பண்ணி இவால்யுவேட் பண்ணுங்கன்னு எழுத்துல கேக்குறோம், அவ்வளவு தான். அதுக்கு முன்னாடி எவ்வளவோ தடவை வாயால கேட்டாச்சு, ஒவ்வொரு தடவையும் சிரிச்ச முகமா ஒரே பதில் தான், இன்னும் கொஞ்சம் பாப்போம், வீட்ல தமிழ் பேசுறீங்கல்ல அதனால பேச்சு லேட்டாகும், இந்த ரீடிங் குரூப்ல போட்டுப் பாத்துட்டு அப்புறம் யோசிக்கலாம். கவுண்டர்ல லேட்டா வந்த பசங்க ஸ்லிப் வாங்க வரிசையா நிக்குதுங்க, போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. இதை பிரின்சிபல்கிட்ட குடுத்துருங்கன்னு நீட்டினேன். பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் ட்ரே, அதுல ஏற்கனவே ஒரு கத்தை பேப்பர், அதுல போட்டுட்டு சரிம்பாங்கன்னு தான் நினைச்சேன்.

அந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு லெட்டரை முழுசா படிச்சாங்க. முழுசா. அப்புறம் என்னை நிமிந்து பாத்துட்டு, இதுக்கு காப்பி வச்சிருக்கியாம்மான்னு கேட்டாங்க. வீட்ல கம்ப்யூட்டர்ல இருக்குன்னேன். அவங்க தலையாட்டிட்டு ஒரு மஞ்ச ஸ்டிக்கி நோட்டுல டிஸ்ட்ரிக்டோட ஸ்பெஷல் எஜுகேஷன் டைரக்டர் பேரை எழுதி, பிரின்சிபல் பேருக்குக் கீழ இவங்க பேரையும் சேத்துக்கோன்னு ஒரு பேனாவும் குடுத்தாங்க. எழுதினேன். எழுந்து போய் பின்னாடி இருந்த மெஷின்ல காப்பி எடுத்துட்டு வந்தாங்க. மேஜை டிராயரைத் திறந்து தேதி ஸ்டாம்ப் ஒண்ணு எடுத்தாங்க, அதுல தேதி முந்தின நாளா இருந்துச்சு, கட்டை விரலால அந்த சின்ன சக்கரத்தை உருட்டி சரி பண்ணி, ஒரு வேஸ்ட் பேப்பர்ல அடிச்சுப் பாத்து, தேதி தெளிவா விழுதான்னு கண்ணுகிட்ட கொண்டுபோய் பாத்துட்டு, ரெண்டு காப்பிலயும் ரிசீவ்டுன்னு அடிச்சாங்க. பக்கத்துல அவங்க இனிஷியலும் மணியும் போட்டாங்க. ஒண்ணை அவங்க வச்சுக்கிட்டு இன்னொண்ணை என் கைல குடுத்து, இது உனக்கு, பத்திரமா வச்சுக்கோ, போன்லயும் ஒரு போட்டோ எடுத்துக்கோன்னாங்க. அதுக்குள்ள அடுத்த பையனுக்கு லேட் ஸ்லிப் எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

அது என்ன பண்ணிக் குடுத்துச்சுன்னு எனக்கு அப்ப தெரியாது. டெக்சஸ்ல பேரண்ட் எழுத்துல கேட்டா, அதுவும் ஸ்பெஷல் எஜுகேஷன் டைரக்டருக்கோ டிஸ்ட்ரிக்ட் நிர்வாகத்துல இருக்கிறவங்களுக்கோ எழுதிக் கேட்டா, 15 ஸ்கூல் நாளுக்குள்ள இவால்யுவேட் பண்றோம்னோ பண்ண மாட்டோம்னோ காரணத்தோட எழுத்துல பதில் சொல்லியாகணும். பண்றோம்னா நம்ம சம்மதக் கையெழுத்து வாங்கிட்டு அதுல இருந்து 45 ஸ்கூல் நாளுக்குள்ள ரிப்போர்ட் முடிக்கணும், ரிப்போர்ட் வந்து 30 நாளுக்குள்ள ஆர்ட் மீட்டிங் போடணும். எல்லாக் கணக்கும் அந்த முதல் தேதில இருந்து தான் ஆரம்பிக்குது. அந்த தேதிக்கு அத்தாட்சி இல்லன்னா நம்ம வாய்ச்சொல்லுக்கும் அவங்க ரெக்கார்டுக்கும் நடுவுல தான் சண்டை, அதுல யார் ஜெயிப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அப்படியே தான் ஆச்சு. முதல் மீட்டிங்ல பெரிய டேபிளைச் சுத்தி அத்தனை பேர், லேப்டாப்பைப் பாத்துக்கிட்டே, உங்க ரிக்வெஸ்ட் எங்களுக்கு ஜனவரில தான் வந்துச்சு, அதனால நாங்க டைம்லைனுக்குள்ள தான் இருக்கோம்னாங்க. இவர் என் முகத்தைப் பாக்குறார். நான் ஃபோல்டர்ல இருந்து அந்த ஸ்டாம்ப் அடிச்ச காப்பியை எடுத்து டேபிள் நடுவுல வச்சேன். மீட்டிங் நடத்தின மேடம் அதை எடுத்து ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தாங்க, பக்கத்துல இருந்தவங்ககிட்ட குடுத்தாங்க, ஒரு அஞ்சு நிமிஷம் பிரேக் எடுத்துக்கலாமான்னு கேட்டாங்க. திரும்பி வந்தப்ப பேசின விதமே மாறிப்போச்சு. அன்னிக்கே எல்லாம் முடியல, அவங்க எழுதி வச்சிருந்த பிளானுக்கு நாங்க ஒத்துக்கல, 10 ஸ்கூல் நாளுக்குள்ள திரும்ப கூடுறோம்னு எழுதிட்டுத் தான் எந்திரிச்சோம், ஆனா லேட் ஆனதுக்கு ஈடு தரணும்னு நாங்க கேக்க முடிஞ்சதே அந்த நீல மை தேதியால தான்.

அந்தம்மா யாருக்கும் எதிரா ஒண்ணும் பண்ணல. அவங்க செஞ்சது அவங்க வேலை தான், ஆனா அதைச் செய்யாம விட்டிருந்தாலும் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. எத்தனை வருஷமா எத்தனை அம்மாமார் இப்படி லெட்டரோட அந்த கவுண்டர்ல வந்து நின்னதைப் பாத்திருப்பாங்களோ, அந்த லெட்டர் எல்லாம் எங்க போச்சுன்னும் பாத்திருப்பாங்களோ, தெரியாது. நான் திங்கக்கிழமை போய் நன்றி சொல்லப் போறேன், அதிரசம் கொஞ்சம் கட்டிக் கொண்டுபோறேன், காரணம் சொல்ல மாட்டேன், அவங்களுக்கே புரியும்.

இதுல எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. டெக்சஸ்ல 2004ல இருந்து பல வருஷம், ஸ்பெஷல் எஜுகேஷன்ல இருக்கிற பசங்க மொத்தத்துல 8.5 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுங்கிற மாதிரி ஒரு அளவுகோலை ஸ்டேட் வச்சிருந்துச்சு. 2016ல ஹியூஸ்டன் கிரானிக்கிள் பேப்பர் அதைத் தோண்டி எழுதின பிறகு தான் வெளிய வந்துச்சு, 2018 ஜனவரில ஃபெடரல் எஜுகேஷன் டிபார்ட்மெண்டே வந்து விசாரிச்சு இது சட்டத்தை மீறினதுன்னு சொன்னாங்க. அந்த வருஷங்கள்ல எத்தனை பிள்ளைங்க இன்னும் கொஞ்சம் பாப்போம்னே பாத்து பாத்து பெரிய கிளாஸுக்குப் போயிருக்கும். அளவுகோல் போயிருச்சு, அந்தப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகல. இத்தனைக்கும் ரீடிங் குரூப்ல போட்டுப் பாத்துட்டு தான் இவால்யுவேஷன்னு தள்ளிப்போடக்கூடாதுன்னு 2011லயே ஃபெடரல் ஆபீஸ் எல்லா ஸ்டேட்டுக்கும் எழுதி அனுப்பியாச்சு. வீட்ல தமிழ் பேசுறோம்ங்கிறதும் தள்ளிப்போட காரணம் ஆகாது, பிள்ளை பேசுற மொழியையும் கணக்குல எடுத்து டெஸ்ட் பண்றது அவங்க பொறுப்பு. தயவு செஞ்சு யாரும் ஸ்கூல்ல சொன்னாங்கன்னு பிள்ளைகிட்ட தமிழ்ல பேசுறதை நிப்பாட்டாதீங்க. எங்க பையன் ஆச்சிகிட்ட பேசுறது தமிழ்ல மட்டும் தான், அதையும் பறிச்சுட்டா அவனுக்கு என்ன மிச்சம் இருக்கும்.

மத்தவங்களுக்கு எப்படி தனித்தனியா நன்றி சொல்றது, ஒரே மூச்சுல சொல்லிடுறேன், யாராவது விட்டுப்போனா கோவிச்சுக்காதீங்க. டிராஃப்ட் ஐஇபியை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து வரி வரியா படிச்சு எந்த கோலை (அவனுக்கு வைக்கிற இலக்கை) அளக்கவே முடியாதுன்னு மார்க் பண்ணிக் குடுத்த அக்காவுக்கு, மீட்டிங் நாள்ல பாப்பாவை வச்சுக்கிட்ட கீழ் வீட்டு மாமிக்கு, வீட்ல அடுப்பு பத்த வைக்காத நாள்ல எல்லாம் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும் டப்பால கொண்டாந்து வச்ச தங்கச்சிகளுக்கு, ரெண்டாவது மீட்டிங்குக்கு லீவு போட்டுட்டு வந்து பக்கத்துல உக்காந்து ஒரு வார்த்தை பேசாம நோட்ஸ் மட்டும் எழுதின பிரெண்டுக்கு (பிள்ளையைத் தெரிஞ்சவங்க யாரையும் நாம கூட கூட்டிட்டுப் போகலாம், சட்டத்துலயே இருக்கு), பேரண்ட் ட்ரெய்னிங் சென்டர்ல போன் எடுத்து ஒரு பைசா வாங்காம பொறுமையா எல்லாத்தையும் புரிய வச்சவங்களுக்கு, பிரைவேட் தெரபில இருந்து லெட்டர் எழுதிக் குடுத்தவங்களுக்கு, எல்லாருக்கும். பாளையங்கோட்டைல இருந்து தினமும் வீடியோ கால்ல வந்து என்ன ஆச்சுன்னு கேக்காம பேரன்கூட மட்டும் பேசிட்டு வச்ச எங்கம்மாவுக்கும்.

விசா விஷயம் தெரிஞ்ச அண்ணாவை மட்டும் தனியா சொல்லணும். நாங்க எச்1பில இருக்கோம், ஸ்கூல்கிட்ட வாக்குவாதம் பண்ணினா எங்கயாவது போய் இடிக்குமோன்னு இவர் ரொம்ப பயந்தார், நானும் தான். அந்த அண்ணா போன் போட்டு, பேப்பரே இல்லாத பிள்ளைக்கும் ஸ்கூல் கதவை மூடக்கூடாதுன்னு 1982ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அந்த கேஸே உங்க பக்கத்துல டைலர்ல இருந்து போனது தான், பேப்பரோட இருக்கிற நீங்க எதுக்கும்மா பயப்படுறீங்கன்னு கேட்டார். அன்னிக்கு ராத்திரி தான் இவர் தூங்கினார்.

இன்னும் சில பேருக்கு நன்றி சொல்லணும், அவங்க இதைப் படிக்கவே மாட்டாங்க. 1975க்கு முன்னாடி இந்த நாட்டுல 10 லட்சத்துக்கும் மேல பிள்ளைங்களை உன்னால படிக்க முடியாதுன்னு பப்ளிக் ஸ்கூலுக்கு வெளியவே நிறுத்தி வச்சிருந்தாங்க. பென்சில்வேனியால சில அம்மா அப்பா ஒண்ணு சேந்து ஸ்டேட் மேலயே கேஸ் போட்டாங்க, தலைநகர் வாஷிங்டன்லயும் போட்டாங்க, ரெண்டு தீர்ப்பும் 1972ல வந்துச்சு, அதுக்கப்புறம் தான் 1975ல சட்டமே வந்துச்சு, இன்னிக்கு நாம ஐடியா (IDEA)ன்னு சொல்ற ஸ்பெஷல் எஜுகேஷன் சட்டம் இருக்கே, அதோட முதல் வடிவம். 2017ல கொலராடோல ஆட்டிசம் இருக்கிற ஒரு பையனோட அம்மா அப்பா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், ஏதோ கொஞ்சூண்டு முன்னேற்றம் இருந்தா போதும்னு ஸ்கூல் நிப்பாட்டிக்க முடியாது, அந்தப் பிள்ளையோட நிலைமைக்குத் தகுந்த முன்னேற்றம் வர்ற மாதிரி பிளான் இருக்கணும்னு தீர்ப்பு வாங்கினாங்க. நாங்க ரெண்டாவது மீட்டிங்ல பேசினது பூரா அந்த ஒரு வரியை வச்சு தான். போன வருஷம் ரீடிங் குரூப்ல அவனுக்கு எழுதின அதே கோலை இந்த பிளான்லயும் அப்படியே வச்சிருந்தாங்க, இதுல முன்னேற்றம் எங்க இருக்குன்னு இவர் கேட்டார், யாருகிட்டயும் பதில் இல்ல. யாரோ முகம் தெரியாத அம்மா அப்பா பட்ட பாட்டுல எங்க பையன் உக்காந்திருக்கான், நினைச்சா உடம்பு சிலிர்க்குது.

அதனால ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். இந்தப் பக்கம் யார் வீட்டுப் பிள்ளைக்கு ஆர்ட் மீட்டிங்னாலும் நான் வர்றேன். நான் வக்கீல் இல்ல, அட்வகேட்டும் இல்ல, வாதாட எல்லாம் மாட்டேன். முன்கூட்டியே பிள்ளையை வந்து பாத்துப் பழகிக்கிறேன், மீட்டிங்ல பக்கத்துல உக்காந்து யார் என்ன சொன்னாங்கன்னு எழுதித் தர்றேன், புரியாத வார்த்தை வந்தா நிறுத்தி விளக்கம் கேக்கச் சொல்றேன், அன்னிக்கே கையெழுத்துப் போடணும்னு அவசரப்படுத்தினா வீட்டுக்குக் கொண்டுபோய் படிச்சுட்டு வர்றோம்னு சொல்ல உங்களுக்கு ஒரு தைரியத்துக்கு இருக்கேன். எந்த லெட்டர் குடுத்தாலும் ரெண்டு காப்பி கொண்டுபோங்க, ஸ்டாம்ப் அடிச்சு தேதி போட்டுக் குடுக்கச் சொல்லிக் கேளுங்க, அடிக்க மாட்டேன்னா வெளிய வந்து கார்லயே உக்காந்து, இன்னிக்கு இன்ன மணிக்கு இன்ன லெட்டர் குடுத்தேன்னு பிரின்சிபலுக்கும் டைரக்டருக்கும் ஒரு ஈமெயில் போட்டுருங்க.

செவ்வாயும் வியாழனும் எனக்கு மதியத்துக்கு மேல ஃப்ரீ, மத்த நாள்னா ஒரு வாரம் முன்னாடி சொன்னா லீவு போட்டுருவேன். ராத்திரி எத்தனை மணின்னாலும் மெசேஜ் போடுங்க, யோசிக்காதீங்க.