இன்னும் பசிக்குதுப்பா

அன்புள்ள கண்ணா,

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். "சாப்பிட்டு அரை மணி நேரம்தான் ஆச்சு, இன்னும் பசிக்குதுப்பா. எனக்கே அசிங்கமா இருக்கு." அவ்வளவுதான். கடைசியில் ஃபிரிட்ஜ் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. எதையாவது எடுத்துக்கொண்டு மூடினாயா, எடுக்காமலே மூடினாயா என்று தெரியவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்று இங்கே உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன்.

உடனே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தாலே அறிவுரையாகிவிடுகிறது, நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். உடம்பு பெருத்துவிடும் என்று பயந்து நீ சாப்பாட்டைக் குறைப்பதைப் பார்த்து உன் அம்மா முதன்முதலில் கவலைப்பட்டபோது, "இதெல்லாம் பொம்பளைப் பிள்ளைகளுக்கு வருகிற வியாதி" என்று சொன்னவன் நான். நீ மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய் என்பது போன வருஷம் டாக்டர் முன்னால் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கும் முன்னால், நீ இளைக்க ஆரம்பித்த புதிதில், "இப்பத்தான் ஆளு ஜம்முன்னு இருக்கே" என்று உன் முதுகில் தட்டினேன். நோயைத் தட்டிக்கொடுத்திருக்கிறேன். அப்புறம் அந்த நோட்டு. கோடு போட்டு, தேதி போட்டு, சாப்பிட்டது ஒரு பக்கம், ஓடியது ஒரு பக்கம், மிச்சம் சிவப்பு மையில். முப்பது வருஷம் கணக்கெழுதியவன் பிள்ளை என்று அதைப் பார்த்து உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். என்ன கணக்கு என்று படித்துப் பார்க்கவில்லை.

சரி. நேற்று நீ சொன்ன பசிக்கு வருகிறேன்.

உன் டயட்டீஷியன் ஒருமுறை பேச்சோடு பேச்சாக ஒரு பட்டினி ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார், ஞாபகமிருக்கிறதா? நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் தொடங்கியது. போர் முடிந்ததும் பட்டினியில் கிடக்கும் மக்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்துத் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காக. ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். எல்லோரும் ஆண்கள். ஏறக்குறைய உன் வயது. உடம்பும் மனசும் திடமாக இருக்கிறதா என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் அவர்களுக்குச் சாப்பாட்டைக் குறைத்தார்கள். எவ்வளவு என்ற எண் எனக்குத் தெரியும், உனக்கு எழுத மாட்டேன். அதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அந்த இளைஞர்களில் பலர் சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம்போலப் படித்தார்கள். சாப்பாட்டைக் கனவு கண்டார்கள், தட்டை நக்கினார்கள். கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டைக் கிண்டிக் கிளறி இரண்டு மணி நேரம்வரை இழுத்தார்கள். அந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். நீ ஒரு ரொட்டித் துண்டை நகத்தளவு நகத்தளவாகப் பிய்த்துத் தட்டின் விளிம்பில் வட்டமாக அடுக்கி, எல்லோரும் எழுந்து போனபிறகும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்து நின்றது. திமிர் என்று அன்றைக்கு நினைத்தேன். பட்டினி கிடக்கிற யார் கையும் அப்படித்தான் செய்யும்போலிருக்கிறது.

உனக்கு வேண்டியது அதற்கப்புறம் நடந்தது. மறுபடி சாப்பாடு கொடுக்கத் தொடங்கியபோது அவர்கள் பசி அடங்கவில்லை. இன்னும் கூடிற்று. கட்டுப்பாட்டை எடுத்தபிறகு, வயிறு கொள்ளாத அளவு சாப்பிட்டுவிட்டு எழுந்தவர்களே பசிக்கிறது என்றார்கள். பலருக்கு அது அடங்க மாதக்கணக்கில் ஆயிற்று. ஆனால் அடங்கியது. 1950-ல் இதையெல்லாம் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்கள். அவர்களில் யாரும் பேராசைக்காரர்கள் இல்லை கண்ணா. உனக்கு இருக்கும் உடல்பயம்கூட அவர்களுக்குத் தொடக்கத்தில் இருந்ததில்லை. பசி மட்டும் உன் பசிதான்.

காரணத்தையும் டாக்டரிடம் கேட்டேன். கொழுப்புத் திசுவிலிருந்து லெப்டின் என்று ஒரு ஹார்மோன் சுரந்து, 'இருப்பு இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். இருப்பு கரைந்தால் அந்தச் சேதியும் வற்றிவிடும். நீ இன்று ஒரு வேளை நிறையச் சாப்பிட்டாய் என்பதற்காக மூளை நம்பிவிடாது. கடன் கொடுத்துப் பலமுறை ஏமாற்றப்பட்டவன் ஒரே ஒரு தவணை வந்ததும் கடன் நோட்டைக் கிழித்துப் போடுவானா? இதயத் தசையிலிருந்தும் எலும்பிலிருந்தும்கூட நீ எடுத்துச் செலவு செய்திருக்கிறாய். அதெல்லாம் திரும்பக் கட்டப்படும்வரை பசி கதவைத் தட்டிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொன்று. வயிறு கும்மென்று உப்பிக் கிடக்கும்போதே பசிக்கிறது, நான் பொய் சொல்கிறேனா என்று முன்பு ஒருநாள் கேட்டாய். இல்லை. பட்டினியில் இரைப்பை மந்தமாகிவிடும், உள்ளே போனது மெதுவாகத்தான் கீழே இறங்கும். அதனால் உப்பலும் பசியும் ஒரே நேரத்தில் இருக்கலாம். வேளை தவறாமல் சாப்பிடச் சாப்பிடத்தான் அது பழைய வேகத்துக்கு வரும். ஆரம்பத்தில் உன் கால் வீங்கியபோது ஒரே ராத்திரியில் குண்டாகிவிட்டேன் என்று அழுதாயே, அதுவும் நீர்தான் என்று அப்போதே சொன்னார்கள். (ஆனால் வீக்கம் திடீரென்று கூடினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, தலை சுற்றி விழுகிறாற்போல் இருந்தாலோ எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்காதே, நேரே டாக்டரிடம் போ. மறுபடி சாப்பிட ஆரம்பித்த முதல் சில வாரம் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு குறைகிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஊசியும் கையுமாக நின்றார்களே, விளையாட்டுக்கு அல்ல.)

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். உனக்குப் பத்தும் பறந்துவிட்டன, குற்ற உணர்ச்சி மட்டும் தட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. அது போனதும் சாப்பிடலாம் என்று நீ காத்திருக்கிறாய். போகாது. அது உட்கார்ந்திருக்கும்போதே சாப்பிட வேண்டும். மருந்து கசக்கிறது என்பதால் அதை விஷம் என்று சொல்ல மாட்டோம் இல்லையா, மனசு உறுத்துகிறது என்பதால் நீ தப்பு செய்துவிட்டாய் என்றும் ஆகாது. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ பாடாய்ப் படுத்தும், அப்புறம் தணியும். நீ அதற்கு அபராதம் எதுவும் கட்டாமல் இருந்தால் அடுத்த முறை கொஞ்சம் சீக்கிரம் தணியும்.

நான் பயப்படுவது அந்த அபராதத்துக்குத்தான். ராத்திரி கூடுதலாகச் சாப்பிட்டேன், காலையில் வேண்டாம் என்பாய். காலையில் விட்டதை மதியம் பாதியாக்குவாய். பதினொன்றரை மணிப் பசியைப் பிடித்து வைத்து விசாரித்தால் அது காலையிலேயே பிறந்திருப்பது தெரியும். இன்று காலை சாப்பிட்டாயா? சாப்பிடவில்லை என்றால் பரவாயில்லை, இதைப் படித்து முடித்ததும் சாப்பிடு. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், என்று டயட்டீஷியன் போட்டுக்கொடுத்த அட்டவணைக்கு அர்த்தம் இதுதான். உன் வயிற்றின் கடிகாரம் பழுதாகிக் கிடக்கிறது, அது சரியாகும்வரை சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடு. அதற்கு மேலும் பசித்தால் அதற்கும் சாப்பிடு. அட்டவணை குறைந்தபட்சம்தான், அதற்கு மேல் சாப்பிடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

நானும் சிலதை நிறுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு விருந்துக்குப் பிறகும் வயிற்றைத் தடவிக்கொண்டு "இன்னிக்கு ஓவர், நாளைக்கு ரெண்டு ரவுண்டு கூட நடக்கணும்" என்பேனே, அந்த வசனத்தை இப்போது விழுங்கிக்கொள்கிறேன். நீ சின்ன வயசிலிருந்து அதைக் கேட்டுத்தானே வளர்ந்தாய். உன் அம்மா இருமினாலே நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். எடை பார்க்கிற இயந்திரத்தைப் பழைய சாமான்காரரிடம் போட்டாயிற்று. நீ வரும்போது குளியலறையில் அது இருந்த இடத்தில் ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரியும், கண்டுகொள்ளாதே.

நாலு மணிச் சிற்றுண்டிதான் உனக்குக் கஷ்டம் என்று டயட்டீஷியனிடம் சொன்னாயாம். நாளையிலிருந்து நாலு மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறேன். நானும் ஒரு தட்டோடு உட்காருவேன். உன் தட்டைப் பார்க்க மாட்டேன், கேமராவை எங்கே வேண்டுமானாலும் திருப்பி வைத்துக்கொள். "சாப்பிட்டாயா" என்று கேட்க மாட்டேன். குறுக்கெழுத்து மட்டும் போடுவோம். ஞாயிற்றுக்கிழமையுடையது இன்னும் முடியவில்லை. பதினேழு, மேலிருந்து கீழ், ஐந்து எழுத்து, மூன்றாவது 'ரு'. உன் அம்மாவுக்கும் வரவில்லை.

அப்பா