மணல்மேட்டை விற்க வேண்டாம்

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம். பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று எழுது.

பனங்காட்டு மணல்மேட்டை இறால் பண்ணைக்கு விலை கேட்கிறார்களே, கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். தங்கச்சி கல்யாணக் கடன் உன் தலையில்தான் நிற்கிறது, தெரியும். ஆனாலும் கொடுக்க வேண்டாம் அப்பா.

நம் ராமநாதபுரம் சீமையில் வைகைத் தண்ணீர் பெரிய கண்மாயோடு சரி. அது நிரம்பி மிஞ்சினால்தான் ஆற்றங்கரை ஊர்ப் பக்கம் கடலுக்குப் போகும். மழையும் ஐப்பசி, கார்த்திகையை நம்பித்தான். அந்த மழையை ஓடவிடாமல் குடித்து வைத்துக்கொள்வது மணல்மேடு. உள்ளே இறங்கும் நல்ல தண்ணீர் கனம் குறைந்தது என்பதால் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் என்பது கணக்கு. மேலே ஓர் அடி வற்றினால் அதே கணக்கில் அடியிலிருந்து உப்பு ஏறும்.

அம்மா ஊற்றுத் தோண்டுவதை நினைத்துப் பார். ஈரம் கசிந்ததும் தோண்டுவதை நிறுத்திவிடுவாள். கரை சரியாமல் விளிம்பைத் தட்டிவிட்டு, முதலில் ஊறும் கலங்கலை வெளியே கொட்டுவாள். பிறகு சிரட்டையால் மேலாக மொண்டு, வாயில் துணி கட்டிய குடத்தில் ஊற்றுவாள். சிரட்டை அடிமணலில் உரசினால் கையை எடுத்துவிடுவாள். திரும்ப ஊறும்வரை உட்கார்ந்திருப்பாள். காவிரித் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் கஞ்சிக்கு அந்தத் தண்ணீர்தான் வேண்டும் அவளுக்கு.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் அங்கே மீனவர்கள் குடிசை போட்டு இருக்கிறார்கள் என்றால், இரண்டு கடலுக்கு நடுவே மணலைத் தோண்டினால் குடிதண்ணீர் கிடைப்பதால்தான்.

பண்ணை வந்தால் முதலில் மேட்டைச் சமமாக்குவார்கள். மணலைப் பிடித்து வைத்திருக்கும் அடும்பங்கொடியும் ராவணன் மீசையும் அன்றைக்கே போய்விடும். அப்புறம் போர் போட்டு மோட்டாரில் உறிஞ்சுவார்கள், பக்கத்திலேயே குட்டை வெட்டி உப்புத் தண்ணீரைத் தேக்குவார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது, குடிதண்ணீர் உப்பாவதும் அதில் பேசப்பட்டது. 2005-இல் தனிச் சட்டம் வந்து, பதிவு செய்துகொண்டு நடத்தலாம் என்றானது. சட்டம் இடம் கொடுக்கட்டும், எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் மேட்டில் மோட்டார் ஓடினால் தெருவுக்கே ஊற்று கரித்துப்போகும்.

கடனுக்கு வல்லத்தை விற்கிறேன். எனக்கும் இனி கடலுக்குப் போக உடம்பு ஒத்துழைக்காது. கேட்டு ஆளும் வந்திருக்கிறது. மேட்டுப் பத்திரம் உன் பேரிலும் இருப்பதால் அவர்கள் உன்னைத்தான் விடாமல் கூப்பிடுவார்கள். இந்த வாரமே போன் போட்டு, விற்பதாக இல்லை என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா