தாத்தாவின் பெயரைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புடையீர்,

முதலில் அத்தையிடம் மன்னிப்பு. அப்புறம்தான் மற்றவர்களுக்கு நன்றி.

சென்ற ஆண்டு ஒரு குழாயில் எச்சில் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன், சொந்த ஊர் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில். 'தென்னிந்தியா' என்று வந்தது. அது தெரியாமலா சிங்கப்பூர் ஈஷூனில் உட்கார்ந்து சாம்பார் வைக்கிறோம்! கூடவே, மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈப்போவில் இருக்கும் ஒரு பெண்மணியோடு எனக்கு 410 சென்டிமார்கன் (இருவரின் மரபணு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் அளவு) பொருந்துவதாகக் காட்டியது. இருவருக்கும் தாத்தா ஒருவரே, பாட்டிகள் மட்டும் வேறு வேறு என்றால் ஏறக்குறைய அந்த அளவுதான் வருமாம். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தாத்தாவுக்குப் பேராக்கில் இன்னொரு குடும்பம் என்று நானே தீர்ப்பு எழுதி, குடும்ப வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டேன். அத்தை இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

என்னை நிறுத்தியவள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிரியல் படிக்கும் அண்ணன் மகள். "சித்தப்பா, அண்ணன் தம்பி இரண்டு பேர் அக்கா தங்கையைக் கட்டியிருந்தாலும் பேரப்பிள்ளைகளுக்குள் இதே எண் வரும்" என்றாள். தாத்தாக்கள் மட்டும் அண்ணன் தம்பி என்றால் சராசரி 230 போலத்தான் வருமாம். பாட்டிகளும் உடன்பிறந்தவர்கள் என்றால் அது இரட்டிப்பு. சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுக்கும் நம் வழக்கத்தில் எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, காகிதம் தேட வேண்டும். அத்தை, கோபத்தோடுதான், ஒரு மைலோ டின்னைத் தூக்கிக் கொடுத்தார். உள்ளே 1939இல் ஊரிலிருந்து வந்த கடிதம். புள்ளியே வைக்காத பழைய கையெழுத்து. எனக்கு ஒரு வரியும் புரியவில்லை. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் அறிமுகமான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எனக்காக ஒதுக்கி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். "உன் அண்ணன் பேராக்கிலிருந்து கடுதாசி போட்டான். உன் மச்சினிக்கு ஆண் குழந்தை." அண்ணனின் மனைவியே மச்சினி, அதாவது பாட்டியின் உடன்பிறந்தவள்! ஐயா அந்த வரியை இரண்டாம் முறை படித்தபோது அத்தை அழுதுவிட்டார்.

உறையில் மன்னார்குடி முத்திரை இருந்தது, கிராமத்தின் பெயர் அழிந்திருந்தது. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலக ஊழியர்கள், தமிழ் முரசின் 1971ஆம் ஆண்டு இதழ்களில் தாத்தாவின் மரண அறிவித்தலைத் தேடித் தந்தார்கள். ஊர்ப் பெயர் அதில் முழுசாக இருந்தது. அந்த ஊர்த் தபால்காரர் குலதெய்வக் கோயில் பூசாரியிடம் போனைக் கொடுத்தார். இரண்டு கல்யாணமும் ஒரே பந்தலில் நடந்ததாக அவருடைய அப்பா சொல்வாராம்.

ஈப்போ அக்காவுக்கு என்ன சொல்ல? நான் கண்டபடி எழுதியதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். அவருடைய தாத்தாவை இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் சயாம் ரயில் பாதை போட இழுத்துப்போனார்கள், அவர் திரும்பவில்லை. அவர் முகம் பேரப்பிள்ளைகள் யாருக்கும் தெரியாது. எங்கள் தாத்தாவின் படத்தை அனுப்பினேன். "எங்கப்பா மாதிரியே இருக்கார்" என்று மட்டும் பதில் வந்தது.

நூலக நண்பர்களே, உங்கள் பென்சில் ஒன்று தவறுதலாக என் பையில் வந்துவிட்டது. அடுத்த வாரம் கொண்டுவந்து தருகிறேன்.