பழைய வீடியோ கேம் பெட்டிக்கு நாங்கள் ஏன் புது பெயிண்ட் அடிப்பதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"மூணு வாரம் வெச்சிருந்தீங்க, இன்னும் பழசாவே இருக்கே?" கடையில் காசு போட்டு நின்றபடி ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டிகளைச் சீர்செய்து தருவது எங்கள் வேலை. போன மாதம் அப்படித் தந்த பெட்டியை எடுக்க வந்த ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவரிடம் கேட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். ஆனால் எதற்குச் சரி சொல்கிறார் என்பதை அவருக்கு விளங்கும்படி நாங்கள் சொல்லவில்லை. அடுத்து வருகிறவர்களுக்காவது முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று இந்த மடல்.

எங்கள் பட்டறைக்கு வருபவை இரண்டு வகை. வெளிநாட்டில் செய்து, எத்தனையோ கை மாறி சென்னைக்கு வந்து சேர்ந்தவை ஒன்று. இங்கேயே ஆசாரி பிளைவுட்டில் அடித்து, மைக்கா ஒட்டி, உள்ளே ஆட்டத்தை ஓட்டும் சர்க்யூட் போர்டை மட்டும் வெளியிலிருந்து வாங்கிப் போட்டவை இன்னொன்று. தெருமுனைக் கடையில் நீங்கள் 'முஸ்தபா' ஆடியிருந்தால் அநேகமாக இரண்டாவது வகையில்தான் ஆடியிருப்பீர்கள். (கேப்காம் 1993-இல் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் சொந்தப் பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனசார்ஸ்'. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு பட்டறைக்குள் இதுவரை ஒருவரும் வந்ததில்லை.)

இரண்டுக்கும் பொதுவான எதிரி வெயில். வாசலைப் பார்த்து நின்ற பக்கம் வெளுத்திருக்கும். சுவரை ஒட்டி நின்ற பக்கம் பளிச்சென்று இருக்கும். அதிலும் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் போகும். சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர் சில மாதத்தில் நீலம் பாரித்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

ஆனால் 'மங்கிப்போச்சு' என்று நீங்கள் சொல்வதில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. மேலே அழுக்கு: சிகரெட் புகை, கை வியர்வை, தெருப் புழுதி. அதற்குக் கீழே, வெயிலில் பொடிந்துபோன பெயிண்டின் மேல்தோல். விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். இந்த இரண்டையும் எங்களால் எடுக்க முடியும். மூன்றாவது, நிறமே செத்துப்போவது. வெயில் தின்ற நிறத்தை எந்த பாலிஷும் திருப்பித் தராது. எது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, பெட்டியின் விளிம்பில் ஓடும் பிளாஸ்டிக் பட்டையைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்போம். பட்டனும் ஜாய்ஸ்டிக்கும் இருக்கும் கன்ட்ரோல் பேனலைத் தூக்கி அதன் அடியிலும் பார்ப்போம். வெளிச்சமே படாத அந்த இடங்களில் முதல் நாள் நிறம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியில்தான் வேலை தொடங்கும். அதற்கு மசியாத பிசுக்குக்கு டர்பன்டைன், அதுவும் மறைவான ஒரு மூலையில் சோதித்த பிறகு. துடைப்பதற்குத் தின்னர் பக்கமே போவதில்லை. தொடங்கிய புதிதில் மஞ்சள் பெட்டி ஒன்றில் கறையைப் போக்க காட்டன் வேஸ்ட்டில் தின்னரை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தோம். கறையோடு சேர்ந்து பெட்டியின் பக்கவாட்டுப் படத்தின் கறுப்புக் கோடும் துணியில் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தை நாங்களே மறுபடி வரைந்து கொடுத்தோம், காசு வாங்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கோட்டைப் பார்த்தால் எங்களுக்கு மட்டும் தெரியும், அது நம்முடையது என்று.

அழுக்கு போனபின், பொடிந்த தோலை எடுக்க கார் பெயிண்டர்கள் போடும் ரப்பிங் காம்பவுண்ட். மெஷின் வைப்பதில்லை, கையால்தான். காரணம் இருக்கிறது. 1980-இல் வந்த பேக்மேன் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் செய்த அந்தப் பெட்டிகளின் பக்கவாட்டுப் படம் ஸ்டிக்கர் இல்லை. ஸ்டென்சில் வைத்து ஒவ்வொரு நிறமாக அடித்தது. ஓரத்தில் நிறம் லேசாகச் சிதறியிருக்கும். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் மயிரிழை விலகியிருக்கும். அது கை அவசரத்தில் வேலை செய்ததின் தடம், அதைத் 'திருத்த' எங்களுக்கு மனம் வராது. பூச்சும் மெல்லியது. இரண்டு தேய்ப்பு கூடினால் அடி நிறம் எட்டிப்பார்க்கும், அப்புறம் வழியில்லை.

ஆட்டத்தின் பெயர் எழுதிய மேல் கண்ணாடியிலும் இதே கவனம் வேண்டும். படம் அதன் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். முன்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் துடையுங்கள். பின்பக்கம் ஈரத்துணி பட்டால் செதில் செதிலாக உதிரும்.

பெயிண்ட் பெயர்ந்த இடங்களை மட்டும் தொட்டு நிரப்புவோம். அதற்கு முன் நிறமில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு, அதன் மேல்தான் நிறம். நாளைக்கு வேறொருவர் எடுக்க நினைத்தால் எடுத்துவிடலாம். இங்கேதான் நிறைய பேர் எங்களோடு சண்டை போடுகிறார்கள். நாங்கள் கலக்குவது இன்றைய வெளுத்த நிறத்தை, முதல் நாள் நிறத்தை இல்லை. அசல் சிவப்பை வெளுத்த சிவப்பின் நடுவே வைத்தால் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி அது ஒன்றுதான் கண்ணில் படும்.

புது பெயிண்ட் அடிக்கவே மாட்டோமா என்றால், வேறு வழியில்லாத இடத்தில் அடிப்போம். கடைத் தரையைத் தினமும் கழுவிவிட்டதில் சில பெட்டிகளின் அடிப்பாகம் ஊறி உப்பியிருக்கும். மரத்தூள் பலகை ஒருமுறை உப்பினால் பழைய கனத்துக்கு வராது. அந்தப் பகுதியை அறுத்து, புதுப் பலகை சேர்த்து, பட்டி வைத்து அடித்துத்தான் ஆகவேண்டும். மைக்கா பெட்டிகளில் பெயிண்ட் பேச்சே இல்லை: கழுவுவோம், தூக்கிக்கொண்ட ஓரங்களை ஒட்டுவோம், அவ்வளவுதான்.

ஒரு பெட்டியில் ஆயுத பூஜைக்கு வருடா வருடம் வைத்த குங்குமம் பெயிண்டிலேயே ஊறியிருந்தது. எடுக்கவா என்று கேட்டோம். "அப்பா வெச்சது, இருக்கட்டும்" என்றார் பெட்டிக்காரர். இருக்கிறது. இப்படி எதையாவது விட்டுவைக்க வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன் நீங்களாகத் துடைக்க வேண்டாம். முக்கியமாகத் தேங்காய் எண்ணெயும், கார் டேஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கான் பாலிஷும் வேண்டவே வேண்டாம். இரண்டு நாள் பளபளவென்று இருக்கும், பிறகு புழுதியை இழுக்கும். சிலிக்கான் உள்ளே இறங்கிவிட்டால் மேலே அடிக்கும் பெயிண்ட் சின்னச் சின்ன வட்டக் குழிகளாக விலகும். பின்கதவையும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மேல்பூச்சு வேலை எடுப்பதில்லை. ஈரக்காற்றில் லேக்கர் என்ற மேல்பூச்சை அடித்தால், அதில் கலந்த தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பூச்சின் மேல் படிந்து பால் மாதிரி வெளுத்துவிடும். சுத்தம் செய்வது, மர வேலை, வயரிங் எல்லாம் அப்போதும் நடக்கும். மழைக்கு முன் பெட்டி கைக்கு வேண்டுமென்றால் ஆவணிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். இல்லையென்றால் தை வரை எங்களிடமே இருக்கட்டும், வாடகை கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து
சென்னை