வெள்ளத்தில் முங்கிய காருக்கு ‘வெள்ளப் பாதிப்பு இல்லை’ என்று அறிக்கை கொடுத்தது குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் தளத்தின் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
பழைய வாகன விளம்பரப் பிரிவு.

பொருள்: தவறான வாகன அறிக்கை, உரிமையாளர் அல்லாதவருக்கு ‘சரிபார்க்கப்பட்ட உரிமையாளர்’ பட்டை, புகாருக்குப் பின் விளம்பரத்தை நீக்கியது – பணத்தைத் திருப்பித் தரவும் பதிவுகளைப் பாதுகாக்கவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

உங்கள் தளத்தில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஆவணி மாதம் ஒரு பழைய கார் வாங்கினேன். விலை ரூ.3,40,000. விளம்பரத்தின் மேல் ‘சரிபார்க்கப்பட்ட உரிமையாளர்’ என்று பச்சைப் பட்டை போட்டிருந்தீர்கள். அது போதாது என்று ரூ.499 கட்டி, அந்த வண்டியின் வரலாற்று அறிக்கையையும் உங்களிடமே வாங்கினேன். அதில் ‘வெள்ளப் பாதிப்பு: இல்லை’ என்று இருக்கிறது.

அந்தக் கார் 2023 டிசம்பர் வெள்ளத்தில் டேஷ்போர்டு வரை முங்கிய கார். எனக்கு விற்றவர் அதன் உரிமையாளரும் கிடையாது. இது உங்களுக்குத் தெரிய வழியில்லை என்றால் இந்தக் கடிதத்தை விற்றவருக்கு எழுதியிருப்பேன். ஆனால் இதே கார், இதே பதிவு எண்ணோடு, ‘வெள்ளத்தில் முங்கியது, உள்ளது உள்ளபடி விற்பனைக்கு’ என்று உங்கள் தளத்திலேயே முன்பு விளம்பரமாக வந்திருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வாங்கியபோது நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கே.டி.சி. நகரில் ஒரு வீட்டு முன்னால் வண்டி நின்றது. “ஓனர் என் மச்சான், துபாய்ல இருக்கான். ஒரே கை ஓடுன வண்டி, ஒரு குறையும் கிடையாது அண்ணாச்சி” என்றார் விற்றவர். ஆர்.சி. புத்தகம் அசல். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் உரிமையாளர் கையெழுத்து இருந்தது. அரசின் வாகன விவரச் செயலியான எம்பரிவாகனில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். வங்கிக் கடன் நிலுவை இல்லை, அபராதம் எதுவும் பாக்கி இல்லை, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது, முதல் உரிமையாளர் என்று வந்தது. செயலியில் உரிமையாளர் பெயரைப் பாதி மறைத்துத்தான் காட்டுகிறார்கள். அந்தப் பெயருக்கும் விற்பவருக்கும் என்ன தொடர்பு என்பதை அதில் பார்க்க முடியாது. சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தேன். மெக்கானிக்கைக் கூட்டிப்போய் நாற்கரச் சாலையில் ஓட்டியும் பார்த்தோம். இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது. விலையும் மலிவு என்று சந்தேகப்படும்படி இல்லை. நல்ல வண்டிக்கு இங்கே என்ன விலையோ அதே விலை.

இத்தனைக்கும் மேல் ஒன்று மட்டும்தான் எனக்குத் தெரிய வழியில்லாமல் இருந்தது: டி.என். 69 என்று தொடங்கும் இந்தத் தூத்துக்குடி வண்டி அந்த வெள்ளத்தின்போது எங்கே இருந்தது என்பது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் உங்களிடம் பணம் கட்டினேன்.

உங்கள் அலுவலகம் வெளியூரில் இருப்பதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்தது சாதாரண மழை இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை கடந்து ஓடி, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குள்ளும் ஜங்ஷன் பேருந்து நிலையத்துக்குள்ளும் தண்ணீர் நின்றது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு சிக்கிக்கொண்டது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த இரண்டு மாவட்டத்து வண்டிக்கு ‘வெள்ளப் பாதிப்பு இல்லை’ என்று எழுதும் முன் எந்த நிறுவனமும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் கோளாறு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதலில் ஏர்பேக் விளக்கு எரிந்து அணையாமல் நின்றது. பிறகு ஜன்னல் கண்ணாடி தானாக இறங்கியது. ஒரு நாள் முருகன்குறிச்சி பக்கம் திரும்பும்போது பவர் ஸ்டீயரிங் வேலை செய்யாமல் போய், வண்டியைத் திருப்பவே முடியவில்லை. வண்ணார்பேட்டையில் கார் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் விட்டேன். அவர் முன் சீட்டைக் கழற்றிக் கார்ப்பெட்டைத் தூக்கியதுமே, “அண்ணாச்சி, இது முங்குன வண்டில்லா” என்றார்.

கார்ப்பெட்டுக்கு அடியில் காய்ந்த வண்டல் பாளம் பாளமாக இருந்தது. சீட் நகரும் தண்டவாளமும் போல்ட்டுகளும் துருப்பிடித்துக் கிடந்தன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால், சாதாரணமாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக்கறை கோடு போட்டது போல நிற்கிறது. ஏர்பேக்கை இயக்கும் பெட்டி, கியர் லீவருக்குக் கீழே தரையை ஒட்டி இருக்கிறது. அதற்குப் போகும் வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது. தண்ணீரில் கிடந்த வயரிங் உடனே போகாது, செம்பு உள்ளுக்குள் அரித்து மாதக்கணக்கில் கழித்து ஒவ்வொன்றாகக் கைவிடும் என்று அவர் விளக்கினார். இன்ஜின் ஆயிலையும் சீட் துணியையும் மாற்றி, மேலே பாலீஷ் போட்டால், ஓட்டிப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

இந்தக் காரில் என் அம்மாவையும் பிள்ளைகளையும் திருச்செந்தூருக்கு அழைத்துப் போய் வந்திருக்கிறேன். மோதினால் ஏர்பேக் விரியுமா என்று தெரியாத வண்டி. ரூ.3,40,000 பெரிய தொகைதான், எங்கள் வீட்டில் அது பல வருடச் சேமிப்பு. ஆனாலும் என்னை ராத்திரி தூங்கவிடாமல் செய்வது அந்தப் பயணம்தான். அறிக்கை எழுதியவர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆர்.சி.யில் இருந்த முகவரியைத் தேடிப் போனேன். ஏரல் பக்கம் ஒரு கிராமம். உரிமையாளர் துபாயில் இல்லை, வீட்டில்தான் இருந்தார். எனக்கு விற்றவரை அவருக்கு யாரென்றே தெரியாது. வெள்ளத்தில் கார் தண்ணீருக்குள் கிடந்ததையும், தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டுமே இருந்ததால் நஷ்டஈடு எதுவும் கிடைக்காததையும் ஒளிக்காமல் சொன்னார். என் அறிக்கையில் ‘இன்சூரன்ஸ் கிளெய்ம் இல்லை’ என்று வந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. கிளெய்ம் இல்லாததால் வண்டி முங்கவில்லை என்று உங்கள் அறிக்கை முடிவு கட்டியிருக்கிறது. வெள்ளச் சேதத்துக்கு ஈடு தராத இன்சூரன்சில் கிளெய்ம் எப்படி வரும்?

2024 ஜனவரியில் அவர் உங்கள் தளத்தில் விளம்பரம் போட்டிருக்கிறார். சேறு படிந்த காரின் படங்கள், பதிவு எண், முங்கிய வண்டி என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த விளம்பரத்தின் படம் இன்னும் அவர் போனில் இருக்கிறது. அதைப் பார்த்து வந்த ஒருவர் காயலான் கடை விலைக்கு வாங்கி, 29, 30 படிவங்களில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய், பெயர் மாற்றாமலே விட்டிருக்கிறார். வண்டி அப்படியே கைமாறிக் கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. ஆர்.சி.யில் ‘முதல் உரிமையாளர்’ என்றே நின்றதற்குக் காரணம் இதுதான்.

அந்த மனிதர் நேர்மையாக விற்றவர். இப்போது அவருக்கும் ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட படிவத்தோடு வண்டியைக் கைமாற்றும் வேலை உங்கள் தளத்தில் தாராளமாக நடக்கிறது. மாட்டிக்கொள்வது கடைசியில் வாங்கியவரும் முதலில் விற்றவரும். நடுவில் நின்றவர்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு இதையெல்லாம் எழுதினேன். ‘நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் தளம் மட்டுமே, விளம்பரத்தின் உள்ளடக்கத்துக்கு விளம்பரதாரரே பொறுப்பு’ என்று பதில் வந்தது. கூடவே அடுத்த அறிக்கைக்குப் பாதி விலைக் கூப்பன். அந்தக் கூப்பனை நான் ஏற்கவில்லை.

விளம்பரத்தில் விற்றவர் எழுதிய பொய்க்கு அவர் பொறுப்பு, சரி. பச்சைப் பட்டையை அவரா எழுதினார்? போனில் பேசிய உங்கள் ஊழியரிடம், எதைச் சரிபார்த்து அந்தப் பட்டை போட்டீர்கள் என்று கேட்டேன். மொபைல் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பி உறுதி செய்வோம் என்றார். அவ்வளவுதானாம். அதாவது விற்பவர் கையில் ஒரு போன் இருக்கிறது என்பதைச் சரிபார்த்துவிட்டு, அவர் வண்டியின் உரிமையாளர் என்று எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அறிக்கையும் நீங்கள் எழுதியது, நீங்கள் விலை வைத்து விற்றது. அடுத்தவர் எழுதியதை அப்படியே காட்டும் தளங்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை, நீங்களே எழுதி விற்றதற்கும் நீட்ட முடியாது.

கார் விளம்பரம் போட உங்கள் படிவம் பதிவு எண் கேட்கிறது. எண்ணைப் போட்டதும் மாடலும் ஆண்டும் தானாக வருகின்றன. அதே எண்ணில் பழைய விளம்பரம் இருக்கிறதா என்று உங்கள் சொந்தப் பதிவுகளில் தேடிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

இன்னொன்று. பழைய வாகனம் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவர், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 2023 ஏப்ரல் 1 முதல் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். வண்டி தன் கைக்கு வந்ததையும் இணையவழியில் தெரிவிக்க வேண்டும். எனக்கு விற்றவரின் அதே மொபைல் எண்ணில் வேறு பல கார்கள் விளம்பரத்தில் இருந்தன. டி.என். 69, டி.என். 72 வண்டிகள். எல்லாவற்றிலும் ‘உரிமையாளர்’ பட்டை. ஒரே ஆளுக்கு இத்தனை சொந்தக் காரா என்று உங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கார்களை எங்கள் பக்கத்து மக்கள்தான் வாங்கியிருப்பார்கள். அவர்கள் கார்ப்பெட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

நான் புகார் கொடுத்த பிறகு விளம்பரத்தையும், விற்றவரோடு நான் பேசிய உரையாடலையும் நீக்கிவிட்டீர்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். அவர்கள் முதலில் கேட்பது அந்தப் பதிவுகளைத்தான். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, நீக்கிய பதிவுகளை விசாரணைக்காக 180 நாள் பாதுகாக்க வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது. 2024 ஜனவரி விளம்பரம், எனக்குக் காட்டிய விளம்பரம், உரையாடல், பட்டை கொடுத்த விவரம், அந்த மொபைல் எண்ணில் வந்த மற்ற விளம்பரங்கள் எதையும் அழிக்கக் கூடாது என்று இந்தக் கடிதத்தின் மூலம் எழுத்துப்பூர்வமாகக் கேட்கிறேன்.

விற்றவரின் பெயரும் முகவரியும் எனக்கு வேண்டும். 2020 மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், வாங்கியவர் எழுதிக் கேட்டால் விற்றவர் விவரத்தைத் தரச் சொல்கின்றன. காருக்குக் கொடுத்த தொகையையும் அறிக்கைக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். உங்கள் பட்டையையும் அறிக்கையையும் நம்பித்தான் அந்தப் பணம் கைமாறியது. அந்த எண்ணிலிருந்து கார் வாங்கியவர்கள் எல்லோருக்கும், வண்டியை எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டு ஓட்டும்படி உடனே செய்தி அனுப்புங்கள். இதற்கு மட்டும் என் புகார் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

காரை இப்போது ஓட்டவில்லை. வண்ணார்பேட்டை ஒர்க்‌ஷாப்பிலேயே நிற்கிறது. உங்கள் ஆள் வந்தால் கழற்றிய நிலையிலேயே பார்க்கலாம். துடைத்துப் பாலீஷ் போட்டு இன்னொருவர் தலையில் கட்டிவிடச் சொல்லி ஒரு புரோக்கர் ஆலோசனை சொன்னார். நான் அதைச் செய்ய மாட்டேன்.

அதே 2020 மின்வணிக விதிகளின்படி இந்தப் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், ரூ.5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. அறிக்கை, பணம் செலுத்திய ரசீதுகள், கழற்றிய காரின் படங்கள், எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த குறிப்பு, 2024 ஜனவரி விளம்பரத்தின் படம், சி.எஸ்.ஆர். ரசீது நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தில் கார் வாங்கியவர்,
பாளையங்கோட்டை.