பேரப்பிள்ளைகளின் கதைக்குச் சிவப்பு மை வேண்டாம்: ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் சங்கக் கூட்டங்களில் அகவிலைப்படி, மருத்துவக் காப்பீடு, குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். அவற்றோடு, நம் வீடுகளில் வளரும் பேரப்பிள்ளைகள் எழுதுவதைப் பற்றியும் ஒரு கூட்டத்திலாவது பேசுங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளை தானே கற்பனை செய்து சொல்லும் கதையையும் பாட்டையும் விடைத்தாளைப் போலத் திருத்தும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று கட்டுரை எழுதப் பழக்கியவர்கள் நாம். மழைநீர் சேகரிப்பைப் பற்றியும் நூலகத்தின் பயன்களைப் பற்றியும் பிள்ளைகள் அவ்வாறு எழுதித்தான் மதிப்பெண் பெற்றார்கள்; அதற்கொரு தேவை இருந்தது. ஆனால் வீட்டுத் திண்ணையில் தேர்வும் இல்லை, பாடவேளை முடிந்ததென்று அடிக்கும் மணியும் இல்லை. ஒரே ஒரு பிள்ளைக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு பணியில் இருந்தவரை நம்மில் எவருக்கும் கிடைத்ததில்லை. இப்போது அது கிடைத்திருக்கையில், அதையும் பிழை திருத்துவதிலேயே செலவிடுவது வீண்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நாக்கின் வேகம் கைக்கு வருவதில்லை. ‘ஞ’ எழுதி முடிப்பதற்குள் கதை வேறெங்கோ ஓடிவிடும். ஆகவே முதலில் பிள்ளை சொல்லட்டும், நாம் எழுதுவோம். சொன்னது சொன்னபடியே எழுதுவோம். என் பேத்தி சொன்ன கதையொன்றில் வால் அறுந்த பல்லி புது வால் வாங்கக் கடைக்குப் போகிறது. எலி வால்தான் இருப்பு இருக்கிறது என்கிறார் கடைக்காரர். “பரவால்ல, அதையே குடுங்க, வீட்ல தேடுவாங்க” என்கிறது பல்லி. இதை நான் “பரவாயில்லை, அதையே கொடுங்கள், வீட்டில் தேடுவார்கள்” என்று எழுதியிருந்தால் அந்தப் பல்லி தலைமையாசிரியரைப் போலப் பேசியிருக்கும். பேத்தியும் அதைத் தன் கதையென்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள்.

பேச்சு வழக்கை எழுதவிட்டால் மொழி கெட்டுவிடும் என்று தமிழாசிரியர்கள் அஞ்சுவது எனக்குத் தெரியும். நானும் அந்த இனத்தவன்தான். ஆயினும் கரிசல் காட்டுப் பேச்சையே தம் எழுத்தாக்கிக்கொண்ட கி. ராஜநாராயணன் 1991இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். பள்ளிப் படிப்பையே முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியராக அமர்த்தியது. எழுத்து வழக்கு பிள்ளைக்கு வரவேண்டுமென்றால் அதற்கு வழி, நாம் நாள்தோறும் நல்ல கதைகளை வாய்விட்டுப் படித்துக் காட்டுவதே. கேட்ட நடை சில மாதங்களில் பிள்ளையின் வாயிலேயே வந்துவிடும். “ஒரு ஊர்ல” என்று தொடங்கிய பிள்ளை ஒருநாள் “முன்னொரு காலத்தில்” என்று தொடங்குவதை நீங்களே கேட்பீர்கள்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் மழலையர் வகுப்பு ஆசிரியராக இருந்த விவியன் பேலி, பிள்ளைகள் சொல்லும் கதைகளை அப்படியே எழுதிக்கொண்டு, பின்னர் அதே வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு அவற்றை நடிக்கவைத்தார். இதை வீட்டிலும் செய்யலாம்: பாட்டி பல்லியாகவும் தாத்தா கடைக்காரராகவும் மாறச் சற்றே வெட்கத்தை விட்டால் போதும். நடிக்கும்போதுதான் கதையில் உள்ள ஓட்டைகள் பிள்ளையின் கண்ணில் படும். பல்லியிடம் காசு ஏது என்று கடைக்காரர் கேட்டதும் பேத்தி சற்று யோசித்து, நான்கு கொசுக்களைப் பிடித்துக் கொடுத்ததாக ஒரு வரியைச் சேர்த்தாள். எவரும் சொல்லாமல் பிள்ளை தன் கதையைத் தானே செப்பனிடுவது இப்படித்தான் தொடங்குகிறது. எழுத்துப்பிழை திருத்தம் இதற்குப் பின்னால் வரவேண்டிய வேலை.

கதை முடிந்ததும் “இதன் நீதி என்ன?” என்று கேட்கும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேளுங்கள்; “அந்தக் கடையில் வேறென்ன விற்றார்கள்?” என்று கேளுங்கள். நீதி கேட்கப் பழக்கப்பட்ட பிள்ளை அடுத்த முறை நீதியை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற ஒரு நரியையும் காகத்தையும் பிடித்துவரும்.

பிழைகளை எப்போதுதான் திருத்துவது என்று கேட்பீர்கள். நான்கு வெள்ளைத் தாள்களை ஒன்றாக மடித்து நடுவில் ஊசி நூலால் தைத்தால் பதினாறு பக்கப் புத்தகம் ஆகிவிடும். தன் கதையை அதில் எழுதி அத்தைக்கோ வகுப்புத் தோழிக்கோ காட்ட வேண்டும் என்ற ஆசை பிள்ளைக்கு வரும்போது, பிறர் படிக்கப்போகிறார்கள் என்பதால் சரியாக எழுத வேண்டிய காரணமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அந்த வேளையிலும் ஒருமுறைக்கு ஒருவகைப் பிழையை மட்டும் காட்டினால் போதும்: இந்தப் புத்தகத்தில் ல, ழ, ள, அடுத்ததில் ர, ற. ஒற்று மிகும் இடங்களை மேல்வகுப்புக்கு விட்டுவிடலாம். நாளிதழ்களே அதில் தடுமாறுகின்றன.

ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பேரனோ, வெளிநாட்டிலிருந்து கைப்பேசியில் முகம் காட்டும் பேத்தியோ, கதை நடுவே டைனோசரையும் லஞ்ச் பாக்ஸையும் கொண்டுவந்தால் அவையும் இருக்கட்டும்.

சங்கங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆண்டு விழாவில் கட்டுரைப் போட்டி வைத்து மூன்று பேருக்குப் பரிசளிப்பதற்குப் பதிலாக, கிளை நூலகரின் இசைவோடு மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே உறுப்பினர்கள் நால்வர் உட்காரலாம். தாத்தா பாட்டி அருகில் இல்லாத பிள்ளைகளும் வந்து கதை சொல்லட்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக் கல்வித் துறை 2022இல் ஊஞ்சல், தேன்சிட்டு என்னும் சிறார் இதழ்களைத் தொடங்கியது. நான்காம், ஐந்தாம் வகுப்பினருக்கு ஊஞ்சல், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தேன்சிட்டு. இத்தகைய இதழ்களுக்குத் தன் கதையை அனுப்ப ஒரு பிள்ளை விரும்பினால், முகவரி எழுதித் தருவதோடு நம் வேலை முடியட்டும். நம் கைபட்டு மெருகேறிய கதை அச்சில் வந்தால் மகிழ்ச்சி நமக்குத்தான். பிள்ளைக்கு அது தன்னுடையதல்ல என்று தெரியும்.

அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்